பேண்டிகூட் (சொல்)

பேண்டிகூட் என்பது பெருச்சாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். இது 'பந்திகொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து தோன்றியது. பன்றியெலி என்பது இதன் பொருள். பந்தியும் தமிழின் பன்றியும் இனச்சொற்கள். கொக்கு என்பது தெலுங்கில் பெரிய எலி, தமிழில் பறவை. இரு மொழிகளும் வழங்கும் சூளகிரி, ஓசூர் வட்டாரத்தில் இவ்வேறுபாடு கருதத்தக்கது.

பொருள்கள்

* பெருச்சாளி: தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் கொறிணி. வளை தோண்டிப் பயிர்களுக்குச் சேதம் விளைவிக்கும்.
* பைப்பாலூட்டி: ஆத்திரேலியா, நியூ கினியில் வாழ்வது. தோற்ற ஒற்றுமையால் ஐரோப்பியர் இப்பெயரை இட்டனர். இவற்றுள் பன்றிக்கால் பேண்டிகூட் 20ஆம் நூற்றாண்டில் அற்றுப்போனது. எனவே பயிரழிக்கும் பெருச்சாளியின் பெயரால் இவ்விலங்கைத் தமிழில் எழுதுவது பிழையாகும்.
* எந்திரம்: கேரளத்தில் உருவாக்கப்பட்டு, 2018 இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்த கழிவுநீர்க் குழித் துப்புரவு எந்திரம். குழிக்குள் மனிதர் இறங்கி உயிரிழப்பதைத் தவிர்ப்பது இதன் நோக்கம்.