கழிவுநீரும் கடற்புல்லும்

வீட்டுக் கழிவுநீர் கண்ணுக்கு மறைந்ததும், அதனோடு நமது தொடர்பு அற்றது என்றே எண்ணுகின்றோம். அஃது எங்கே சென்று என்ன செய்கின்றது என ஆராய்வார் சிலரே. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள தம்பா விரிகுடாவின் வரலாறு இவ்விடயத்தில் நமக்கு நல்லதொரு பாடமாகும்.

நைதரசன் பயிருக்கு உணவு. ஆயின், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ? நகரக் கழிவுநீரோடு நைதரசன் விரிகுடாவிற் சேரச் சேர, நுண்ணிய பாசிகள் பெருகி நீரைக் கலங்கச் செய்தன. அடித்தளத்தே வளர்ந்த கடற்புல்லுக்குச் சூரியவொளி எட்டவில்லை. 1950ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 40,000 ஏக்கரிற் பரந்திருந்த கடற்புல், 1982இல் ஏறக்குறைய 22,000 ஏக்கராகக் குறுகிற்று. அதனை நம்பியிருந்த மீனினமும் புகலிடம் இழந்தது.

மக்கள் வாளாவிருந்திலர். அவர்தம் கிளர்ச்சியின் பயனாக, 1970களில் மாநில அரசு கடுஞ்சட்டம் இயற்றிற்று. விரிகுடாவில் விடப்படும் கழிவுநீரில் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் நைதரசன் இருத்தலாகாது என விதிக்கப்பட்டது. 1979இல் தம்பா நகரின் சுத்திகரிப்பு நிலையம் புதுமுறையில் இயங்கத் தொடங்கிற்று.

அம்முறை யாது? நுண்ணுயிர்களையே ஏவலாளராகக் கொள்வதாம். காற்றூட்டப்பட்ட தொட்டியில் ஒருவகைப் பற்றீரியாக்கள் கழிவுநீரிலுள்ள அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அடுத்து, ஒட்சிசன் இல்லாத இடத்தில் வேறுவகைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்து சுவாசிக்கின்றன. அவற்றுக்கு உணவாக மெதனோல் சேர்க்கப்படுகின்றது. எஞ்சும் நைதரசன் வாயுவாகி, தன்னினம் நிறைந்த காற்றோடு கலக்கின்றது.

கழிவுநீரோடு ஏனைய மாசுகளும் கட்டுப்படுத்தப்பட்டமையால் நீர் தெளிந்தது. 2014இல் கடற்புல் மீண்டும் 40,000 ஏக்கரைக் கடந்தது. 2016க்குப் பின்னர் அது மறுபடியும் குறைந்தது. ஒருமுறை வென்றோம் எனக் கண்ணயர்தல் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

இஃது அயல்நாட்டுக் கதைதானே என நாம் ஒதுக்கலாகாது. வற்றாத ஆறில்லா யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீரே நமது செல்வம். அங்கே உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணக்கல்லினூடே இறங்கிப் பல கிணறுகளில் நைத்திரேற்றை மிகுவித்துள்ளன. லீற்றருக்கு 50 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்தூட்டின், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம்பாரிக்கவுங் கூடும். கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது என்பதைத் தாய்மார் அறிதல் வேண்டும்.

ஆதலின், குழியைக் கிணற்றுக்கு எட்டவே அமைப்போமாக, உரத்தை அளந்திடுவோமாக, கிணற்று நீரைப் பரிசோதிப்போமாக. நாம் கழித்த நீர் என்றேனும் நம்மிடமே மீளும்.