வெயில் கொளுத்துது... இன்வெர்ட்டர் ஏன் அணையுது?

மொட்டை மாடியில் 500 வாட்டுக்கு சோலார் பேனல், கீழே 12 வோல்ட் பேட்டரி, 1000 வி.ஏ. இன்வெர்ட்டர். உச்சி வெயில் நேரம். கரண்ட் போயிருக்கிறது. சட்னி அரைக்க மிக்ஸியைத் திருகியதும் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துபோகிறது. ஓவர்லோடு விளக்கு சிவப்பாக எரிகிறது. "இவ்வளவு வெயில் அடிச்சும் பத்தலையா? இன்னும் ரெண்டு பேனல் போட்டுடலாமா?" என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது.

தயவுசெய்து போடாதீர்கள். பேனல் எவ்வளவு தயாரிக்கிறது என்பது வேறு, இன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்பது வேறு. பேனலைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் நிறையும். ஓவர்லோடு அப்படியேதான் இருக்கும். இதைச் சொல்லாமல் கூடுதல் பேனலை விற்றுவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்குக் கோபமே உண்டு.

(2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மானியம் வாங்கிப் போடுவது பெரும்பாலும் இ.பி. லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத வகை. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். இங்கே பேசுவது பேட்டரி வகையைப் பற்றி.)

1000 வி.ஏ. என்பது 1000 வாட் அல்ல. பவர் ஃபேக்டர் 0.8 என்றால் கிடைப்பது 800 வாட்தான். மிக்ஸி மட்டுமே 750 வாட். சாதா ஃபேன் ஒன்றுக்கு 75 வாட் என்றால் நாலு ஃபேனுக்கு 300. இன்வெர்ட்டர் அணைந்ததில் ஆச்சரியமில்லை, அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அயர்ன் பாக்ஸ், கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் இந்த லைனில் சேர்க்கவே கூடாது.

கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது, ஆனாலும் ட்ரிப் ஆகிறதா? ஃபிரிட்ஜைப் பாருங்கள். ஓடும்போது 150 வாட் எடுக்கும் கம்ப்ரஸர், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். இ.பி.யிலிருந்து இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் அது நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே கேஸ் அழுத்தம் இறங்குவதற்குள் மறுபடி சுழல முயன்று, முடியாமல் உறுமும். ஐந்து நிமிடம் கழித்து சுவிட்சைப் போட்டால் அதே ஃபிரிட்ஜ் சத்தமில்லாமல் ஓடும். இப்படித் தாமதித்து இணைக்கவே டைம் டிலே வைத்த ஸ்டெபிலைசர்கள் கிடைக்கின்றன.

அடுத்த சோதனை எளிது. இன்வெர்ட்டரை அணைத்து, வீட்டுக்குப் போகும் அவுட்புட் லைனைக் கழற்றிவிட்டு, மறுபடி போடுங்கள். லோடே இல்லாமல் ஓவர்லோடு காட்டினால் கோளாறு போர்டுக்குள், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஒழுங்காக ஓடினால் லைனை மாட்டி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் அணைகிறதோ அங்கிருந்து தேடுங்கள். எலெக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் இருந்தால் எது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பேட்டரியையும் மறக்க வேண்டாம். 12 வோல்ட்டில் 800 வாட் தர 70 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தாலோ, நட்டு தளர்ந்திருந்தாலோ அங்கேயே வோல்ட் விழும். வோல்ட் இறங்க இறங்க, அதே லோடுக்கு ஆம்பியர் ஏறும். சும்மா இருக்கும்போது 12.5 காட்டும் பேட்டரி, லோடு கொடுத்ததும் சட்டென்று 10.5-க்கு இறங்கினால் அதன் ஆயுள் முடிந்துவருகிறது.

எந்த நிலையிலும் ஃபியூஸ் போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் வீட்டு வயர் உருகும்.

பழைய வயரிங்கில் இன்னொன்றும் நடக்கும். இன்வெர்ட்டர் லைனும் இ.பி. லைனும் எங்கோ ஒரு சுவிட்ச் போர்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் போனதும் மொத்த வீட்டுக்கும் இன்வெர்ட்டரே கரண்ட் தர முயன்று ட்ரிப் ஆகும். அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்கும் போகலாம். போஸ்ட்டில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்கே ஆபத்து. மெயினை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டர் இணைப்பு தராத கீசர் பாயின்ட்டை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் இன்வெர்ட்டரை உடனே அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து இரண்டு லைனையும் பிரிக்கும் வரை அதைப் போடாதீர்கள்.