தரம் குறைந்த பலகைகளும் திறந்தவெளி மரமேடையும்

தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ மரமேடை அமைக்க வாங்கப்படும் பலகைகள் யாவும் ஒரே தரமாக அமைவது அரிது. சில கோணியிருக்கும், சிலவற்றில் கணுக்கள் மிகுந்திருக்கும், சிலவற்றின் ஓரம் முழுதும் வெளிறாக இருக்கும். இவை அனைத்தையும் கழித்துவிடுவது வீண் செலவு. அனைத்தையும் பொருத்திவிடுவதோ ஆபத்து. மேடைப் பலகை முறிந்தால் அதன்மேல் நிற்கும் குழந்தையின் காலும் முறியக்கூடும். ஆகவே, தீரக்கூடிய குறை எது, தீராத குறை எது என்று பிரித்தறிவதே முதல் வேலையாகும்.

ஈரமும் கோணலும்

பலகை கோணுவதற்கு முக்கிய காரணம் ஈரம் குறைவதே. மரத்திலுள்ள ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. இச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் சமமன்று. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நீளவாக்கில் மிகச் சொற்பம். இதனால் மையத்துக்கு அப்பால் அறுத்த அகலப் பலகை உலரும்போது, அதன் பட்டைப் பக்கம் குழிந்துவிடுகிறது.

ஈரத்தை அளப்பது மாணவரும் செய்யத்தக்க பரிசோதனை. பலகையின் முனையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டி நிறுக்க வேண்டும். பின், எடை மேலும் குறையாத வரையில் 103 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 120 கிராம் துண்டு 100 கிராமாகக் குறைந்தால், உலர்ந்த எடையைக்கொண்டு கணக்கிட, ஈரம் 20 சதவீதம் ஆகும்.

பச்சைப் பலகைகளை நிழலில், இடையிடையே 25 மி.மீ. கனமுள்ள பட்டிகள் வைத்து அடுக்க வேண்டும். பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமைவது அவசியம். முனைகளில் மெழுகோ வண்ணமோ பூசினால் வெடிப்புக் குறையும்.

தரம் பிரித்தல்

உளியின் நுனி எளிதில் இறங்கும் பலகை இற்றுப்போனது. அதையும், குறுக்கே விரிசல் கண்டதையும் நீக்கிவிட வேண்டும். பெரிய கணு உள்ள இடத்தை அறுத்தெறிந்து, எஞ்சிய துண்டுகளின் இரு முனைகளும் தாங்குகட்டைகளின்மேல் அமருமாறு பயன்படுத்தலாம். நீளவாக்கில் சற்றே வளைந்த பலகையையும் அவ்வாறே துண்டாக்கிப் பயன்படுத்தலாம். பலகை மெலிந்ததாயின் தாங்குகட்டைகளை நெருக்கி வைக்க வேண்டும். இடைவெளியைப் பாதியாக்கினால், நடுவில் வைத்த அதே பாரத்துக்குப் பலகை தாழ்வது எட்டில் ஒரு பங்காகிவிடும்.

வெளிறும் மருந்தும்

தேக்கு, சால் ஆகியவற்றின் வைரம் நெடுநாள் நிற்கும். எம்மரத்தின் வெளிறும் காளானுக்கும் கறையானுக்கும் எளிதில் இரையாகும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் 1933இல் கண்டறிந்த செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவை உலகெங்கும் பரவிய சிறந்த மருந்தாகும். ஆயினும் ஆர்சனிக் கொடிய நஞ்சாதலால், குழந்தைகள் புழங்கும் மேடைக்கு அது சேராத செம்பு மருந்தே ஏற்றது. போரான் உப்புகள் மட்டும் இட்டால் மழையில் கரைந்துபோகும். மருந்தை மேலே தடவுவதைவிட, அழுத்தத்தால் உட்செலுத்துவதே பலன் தரும். பின்னர் அறுத்த முனைகளில் மீண்டும் மருந்து பூச வேண்டும். மருந்தேற்றிய துண்டுகளை அடுப்பெரிக்கலாகாது. ஆர்சனிக் ஏறிய மரத்தின் புகையும் சாம்பலும் நஞ்சாகும்.

பொருத்துதல்

குழிந்த பலகையின் மேடான பக்கம் மேலே இருந்தால் மழைநீர் தேங்காது. உலர்ந்த பலகைகளுக்கிடையே சுமார் 5 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஈரப் பலகைகள் பின்னர் சுருங்குமாதலால் அவற்றை நெருக்கி வைக்கலாம். முன்னதாகத் துளையிட்டு, துத்தநாகம் பூசிய திருகாணிகளால் முடுக்கினால் முனை பிளவாது. கெட்ட பலகையைப் பின்னர் எளிதில் மாற்றவும் இயலும். மேடைக்கடியில் காற்றோட்டம் இருத்தல் வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் நிற்கும் மரத்தில் காளான் வளராது. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்தவுடன் ஒவ்வொரு பலகையையும் உளி நுனியால் சோதித்து வருவது நலம்.