எந்த நேரமும் போன் வரலாம்: பிரசவ போட்டோகிராபரின் காலண்டர்

கல்யாண போட்டோகிராபருக்கு முகூர்த்த நாள் ஆறு மாதம் முன்பே தெரிந்துவிடும். எந்த மண்டபம், எத்தனை மணிக்கு தாலி என்பதெல்லாம் பத்திரிகையிலேயே அச்சாகி இருக்கும். ஆனால் ஒரு பிரசவத்தைப் படம் எடுக்க ஒப்புக்கொண்டவருக்கு இதில் எதுவும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வரலாம். மூன்று வாரம் வராமலும் போகலாம். வந்த போனை எடுக்கவில்லை என்றால் அந்தப் படம் போனது போனதுதான். தாலியை வேண்டுமானால் கேமராவுக்காக இன்னொரு முறை தொட்டுக் காட்டச் சொல்லலாம். பிறந்த குழந்தையை மறுபடி பிறக்கச் சொல்ல முடியாது.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பிரசவ போட்டோகிராபி தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இவர்களுக்கென சர்வதேச சங்கம் ஒன்றும் உண்டு. நம் ஊர்களில் பெரும்பாலும் கல்யாணம், வளைகாப்பு, குழந்தைப் படங்கள் எடுப்பவர்கள்தான் இதையும் சேர்த்துச் செய்கிறார்கள். நேரம் தெரியாத இந்த வேலையை அவர்கள் எப்படி சமாளிக்கிறார்கள்? பாதி வேலை சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நடந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் பிரசவம் வரப்போகிறது என்றால், போட்டோகிராபர் வைக்காவிட்டாலும் இந்த வழிகள் உங்களுக்கும் உதவும்.

280 நாள் கணக்கு

டாக்டர் எழுதித் தரும் பிரசவ தேதி என்பது, கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து 280 நாட்களைக் கூட்டிக் கிடைக்கும் தேதி. ஆரம்ப மாதங்களில் எடுக்கும் ஸ்கேனை வைத்து இதைத் திருத்துவதும் உண்டு. சரியாக அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 வாரம் முடிந்ததில் இருந்து 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். எனவே போட்டோகிராபர் தேதியைக் குறித்துக் கொள்வதில்லை. ஒரு கால இடைவெளியைக் குறித்துக் கொள்கிறார்.

இதை எக்ஸெல் தொகுப்பில் போட்டுப் பார்ப்போம். புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து ஏ2 செல்லில் கடைசி மாதவிலக்கு தேதியை டைப் செய்திடவும். அடுத்த செல்லில் சமக்குறி (=) போட்டு, மவுஸால் ஏ2 செல்லை கிளிக் செய்து, +280 என டைப் செய்து என்டர் தட்டவும். பிரசவ தேதி வந்துவிடும். மூன்றாவது செல்லில் அதே போல பிரசவ தேதி செல்லை கிளிக் செய்து -21 போடுங்கள். நான்காவது செல்லில் +14 போடுங்கள். மூன்றாவது செல்லில் உள்ள தேதியில் இருந்து நான்காவது செல்லில் உள்ள தேதி வரை, ஐந்து வாரம், நீங்கள் தயாராக இருக்க வேண்டும். உதாரணமாக 2026 ஜனவரி 10 என்று கொடுத்தால் பிரசவ தேதி அக்டோபர் 17. காத்திருப்பு செப்டம்பர் 26ல் தொடங்கி அக்டோபர் 31 வரை.

இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தேதி வர வேண்டிய செல்லில் 46 ஆயிரம் சொச்சம் என ஏதோ ஓர் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதியை உள்ளுக்குள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் சென்று டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று கொஞ்சம் ஆபத்தானது. பல புதிய கம்ப்யூட்டர்கள் அமெரிக்க தேதி முறையில் செட் செய்யப்பட்டு வருகின்றன. அவற்றில் 10-01-2026 என்று டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதை அக்டோபர் 1 என எடுத்துக்கொள்ளும். கணக்கே ஒன்பது மாதம் தள்ளிப் போய்விடும்! எனவே மாதத்தை எண்ணாகப் போடாமல் ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாக டைப் செய்திடவும்.

முதல் கேள்வி: தாய் வீடு எங்கே?

வெளிநாட்டு போட்டோகிராபர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் புதுச்சேரியில் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை தாய் வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். வளைகாப்பைப் படம் எடுத்தவரிடமே "பிரசவத்துக்கும் நீங்களே வாங்கண்ணா" என்பார்கள். தாய் வீடு முத்தியால்பேட்டையிலா, கடலூரிலா, விழுப்புரத்திலா, காரைக்காலிலா என்று கேட்காமல் ஒப்புக்கொண்டால் கதை முடிந்தது. காரைக்கால் நம் யூனியன் பிரதேசத்திலேயே இருந்தாலும் சாலை வழியே சுமார் 130 கி.மீ. அங்கு போய்ச் சேருவதற்குள் குழந்தைக்கு ஒருவேளை தாய்ப்பாலே கொடுத்து முடித்திருப்பார்கள். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர் என்று எல்லை வைத்துக்கொள்பவர்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்.

ஊருக்குள்ளேயும் எந்த மருத்துவமனை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். கோரிமேடு ஜிப்மர் பக்கம் ஒரு வழி, எல்லைப்பிள்ளைச்சாவடி பக்கம் ஒரு வழி, காலாப்பட்டு என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. சனி, ஞாயிறு சுற்றுலா கூட்டத்தில் இந்த வழிகள் எப்படி இருக்கும் என்று புதுவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூகுள் மேப்ஸ் தளத்தில் "டிபார்ட் அட்" என்ற இடத்தில் நாளையும் நேரத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஞாயிறு மாலையில் எவ்வளவு நேரம் ஆகும், அதிகாலையில் எவ்வளவு ஆகும் என்று முன்பே பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலம் தனிக் கணக்கு. 2024 நவம்பர் 30ல் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு நாளில் கேமரா பையில் இருக்க வேண்டியது இன்னொரு லென்ஸ் அல்ல; முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளும் பவர் பேங்கும்தான்.

ஐந்து வாரப் பட்டை

எக்ஸெல் தந்த தேதிகளை கூகுள் காலண்டரில் ஏற்ற வேண்டும். புதிய ஈவன்ட் ஒன்றை உருவாக்கி, "ஆல் டே" என்பதில் டிக் செய்து, தொடக்க நாளும் முடிவு நாளும் கொடுத்து சேவ் செய்தால், காலண்டரில் ஒரு நீண்ட வண்ணப் பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வண்ணம். பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று விழும் இடங்களைப் பார்த்தாலே அந்த மாதத்தில் இன்னொரு பிரசவத்தை ஒப்புக்கொள்ளலாமா, கூடாதா என்பது தெரிந்துவிடும். மாதத்துக்கு மூன்று நான்குக்கு மேல் ஒப்புக்கொள்வது, என்னைக் கேட்டால், சூதாட்டம். பட்டைக்குப் பெயர் வைக்கும்போது பெண்ணின் முழுப் பெயரை எழுதாதீர்கள். முதல் எழுத்து போதும்.

கல்யாண வேலையும் செய்பவருக்கு இதே காலண்டரில் முகூர்த்த நாட்களும் இருக்கும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் பட்டைக்குள் முகூர்த்தம் விழாமல் இருக்காது. ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள் என்பதால் நிம்மதி. (புதுப் பெண்ணை ஆடியில் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவதே, சித்திரை வெயிலில் பிரசவம் வராமல் இருக்கத்தான் என்பார்கள். நம் முன்னோர்களும் காலண்டர் பார்த்துத்தான் இருக்கிறார்கள்.) முகூர்த்தம் விழுந்தால் என்ன செய்வது? மாற்று போட்டோகிராபர் ஒருவரை முன்பே பேசி வைத்து, இந்தக் காலண்டரை அவருடைய இமெயில் முகவரிக்கு ஷேர் செய்துவிட வேண்டும். அவரைக் குடும்பத்துக்கும் முன்பே அறிமுகப்படுத்த வேண்டும். வலியில் இருக்கும் பெண்ணின் அறைக்குள் முன்பின் பார்க்காத ஒருவர் கேமராவோடு நுழைவது நியாயமில்லை.

இந்த வேலைக்கு வாங்கும் பணம் படம் எடுக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் அல்ல. வெளியூர் போகாமல், போனைக் கீழே வைக்காமல், வண்டியில் பெட்ரோல் குறையாமல் காத்திருக்கும் ஐந்து வாரத்துக்கும் சேர்த்துத்தான். இது புரியாமல் "ரெண்டு மணி நேர வேலைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுபவர்கள் உண்டு.

தூங்கும்போது எந்த போன் ஒலிக்கும்?

ஐந்து வாரமும் எல்லா அழைப்புக்கும் எழுந்து கொண்டிருந்தால் ஆள் தாங்கமாட்டார். போனில் உள்ள "டூ நாட் டிஸ்டர்ப்" வசதி இதற்குத்தான். ஆண்ட்ராய்ட் போனில் அந்தப் பெண், அவர் கணவர், அம்மா ஆகியோரின் எண்களுக்கு மட்டும் ஸ்டார் குறி போட்டு, ஸ்டார் போட்டவர்கள் அழைத்தால் ஒலிக்கட்டும் என செட் செய்திடலாம். ஒரே எண்ணில் இருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் ஒலிக்கச் செய்யும் வசதியும் அங்கேயே இருக்கிறது. ஐபோனில் இது 3 நிமிடம். "முதல் தடவை எடுக்கலைன்னா உடனே இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்று குடும்பத்திடம் சொல்லி வைத்துவிட்டால் போதும். வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பிவிட்டு சும்மா இருந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் செட்டிங்கினால் சில போன்களில் மெசேஜ் தாமதமாகத்தான் தலைகாட்டும்.

போன் வந்ததும் ஓட வேண்டுமா? அதற்கும் கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவ வலியின் தீவிர கட்டம் தொடங்குகிறது. அதன் பிறகும் முழுதாகத் திறக்க முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை, அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே வலி ஆரம்பித்ததும் ஒரு போன், மருத்துவமனைக்குக் கிளம்பும்போது ஒரு போன், தீவிர கட்டம் என்று டாக்டர் சொன்னதும் ஒரு போன் எனப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது போனுக்குத்தான் கிளம்புவது. இரண்டாவது குழந்தை என்றால் இரண்டாவது போனுக்கே கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம். நாள், நேரம் பார்த்து வைத்த சிசேரியன் என்றால் தேதி கையில் இருக்கும். ஆனால் குழந்தை பஞ்சாங்கம் பார்க்காமல் முந்திக்கொள்வதும் உண்டு.

கதவுக்கு வெளியே

போய்ச் சேர்ந்தாலும் உள்ளே விடுவார்களா என்பது அடுத்த கேள்வி. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் உறவினர் துணைக்கு இருக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016ல் அனுமதித்தது. கேமராவோடு வரும் வெளியாளுக்கு அதில் இடமில்லை. பக்கத்துப் படுக்கையில் இன்னொரு பெண் இருப்பார் என்பதால் அது சரியும்கூட. தனியார் மருத்துவமனைகளிலும் டாக்டரின் அனுமதியை முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். 2024 அக்டோபரில், சென்னையில் தன் குழந்தையின் தொப்புள்கொடியை ஆபரேஷன் தியேட்டரில் தானே வெட்டும் வீடியோவை ஒரு யூடியூபர் வெளியிட்டார். அந்தத் தனியார் மருத்துவமனை 10 நாட்கள் செயல்படத் தமிழக சுகாதாரத் துறை தடை விதித்தது. அதன் பிறகு கேமராவைக் கண்டால் டாக்டர்கள் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

அனுமதி இல்லை என்றாலும் வேலை வீணாகாது. கதவுக்கு வெளியே நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா, உள்ளே இருந்து வரும் முதல் அழுகைச் சத்தம், துணியில் சுற்றி நர்ஸ் எடுத்து வந்து பாட்டி கையில் கொடுக்கும் நொடி. நம் ஊர் பிரசவப் படங்களில் நல்லவை பலவும் இந்த வராந்தாவில் கிடைப்பவைதான். பிளாஷ் மட்டும் கூடாது.

கேமரா கடிகாரமும் ஜாதகமும்

கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியும் நேரமும் பதிவாகிறது. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேபைப் பாருங்கள். "டேட் டேக்கன்" என்ற வரியில் இருக்கும். கேமரா கடிகாரம் தவறாக இருந்தால் இதுவும் தவறாகவே இருக்கும். பிரசவ போட்டோகிராபர் பையை எடுத்து வைக்கும்போதே கேமரா நேரத்தை போன் நேரத்தோடு சரிபார்த்துவிடுவது நல்லது. இரண்டு கேமரா என்றால் இரண்டையும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் படங்களை நேர வரிசைப்படி அடுக்கும்போது, குழந்தை பிறந்த பிறகு அம்மா வலியில் துடிப்பது போல வரும்!

பத்து நாளில் தாத்தா போன் செய்து "பொறந்த நேரம் கரெக்டா எத்தனை மணி தம்பி?" என்று கேட்பார். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும் என்பதால், எல்லையில் பிறந்த குழந்தைக்கு ஐந்து நிமிடமும் பெரிய விஷயம். மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ள நேரம்தான் கணக்கு, கேமரா நேரம் அல்ல என்று பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் தூங்காதீர்கள்

பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்து வீடு திரும்பியதும் செய்யும் தவறுகள்தான் படங்களை அழிக்கின்றன. மெமரி கார்டில் இருந்து கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி மட்டும் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனாலும் கார்டில் மூலப் படங்கள் இருக்கும். முதலில் கம்ப்யூட்டரில் ஒரு போல்டருக்கு, பிறகு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு. இரண்டு இடத்திலும் பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, சில படங்களைத் திறந்தும் பாருங்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கை உறவினர் வீட்டில் வைப்பது இன்னும் நல்லது. அதுவரை கார்டை பார்மட் செய்யக் கூடாது. தவறிப்போய் செய்துவிட்டால், அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இவை மற்ற போட்டோக்கள் போல அல்ல. வீட்டில் எல்லாரும் தொடும் கம்ப்யூட்டர் என்றால் தனி யூசர் அக்கவுன்ட், அதற்கு பாஸ்வேர்ட் அவசியம். படங்களைத் தானாக இணையத்துக்கு ஏற்றும் வசதி போனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பத்துக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கடைசியாக, காலண்டரில் அந்த வண்ணப் பட்டையில் மீதம் இருக்கும் நாட்களை நீக்கிவிடுங்கள். அடுத்த குடும்பம் கேட்கும்போது அதைப் பார்த்துத்தான் "வருகிறேன்" என்று சொல்லப் போகிறீர்கள்.