நிழற்படமும் வாணிகமும்

சந்தைக்குச் செல்வோர் ஒரு பொருளைக் கண்ட அளவில் வாங்கிவிடுவதில்லை. மண்பானையைத் தட்டி ஓசை கேட்கின்றனர். அரிசியை உள்ளங்கையில் அள்ளி ஊதிப் பார்க்கின்றனர். சேலையின் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கின்றனர். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கின்றனர். கண், செவி, மூக்கு, கை ஆகிய யாவும் கூடி ஆராய்ந்து, ‘இது தக்கது’ என்று முடிவு கூறிய பின்னரே பணப்பை திறக்கின்றது. இக்காலத்தில் பெருகியுள்ள இணையக் கடைகளில் இவ்வாய்ப்பு இல்லை. வாங்குவோர் ஓர் ஊரில் இருக்கின்றனர். பொருள் வேறோர் ஊரில் இருக்கின்றது. இடையே நின்று இருவருக்கும் தூது செல்வது நிழற்படமே ஆகும். தட்டிப் பார்க்கும் விரலின் வேலையையும், முகர்ந்து பார்க்கும் மூக்கின் வேலையையும் இயன்ற அளவு அப்படமே செய்தாக வேண்டும். ஆதலின், மளிகைக் கடைக்குத் தராசும் படியும் எவ்வாறோ, அவ்வாறே இணையக் கடைக்கு நிழற்படக் கூடமும் இன்றியமையாததாயிற்று. தராசு நேராக நிற்க வேண்டும் என்பது போலவே, படமும் நேர்மையாக நிற்க வேண்டும்.

வணிகர் பதி

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் காரைக்கால் அமைந்துள்ளது. கிழக்கே வங்கக் கடல். மற்றை மூன்று புறமும் தமிழ்நாட்டு நிலம். 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர், 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு பிரிவுகளுள் ஒன்றாக விளங்குகின்றது. காரைக்கால் அம்மையார் தோன்றிய பதி இதுவே. வணிகர் குலத்திற் பிறந்த அவ்வம்மையாரின் வரலாற்றைக் கூறப் புகுந்த சேக்கிழார், வாய்மையிற் குறைவில்லாத பெருவணிகர் நெருங்கி வாழும் ஊர் என்று காரைக்காலைப் பெரியபுராணத்தில் சிறப்பிக்கின்றார். பணம் மட்டுமன்றி வாய்மையும் வாணிகத்திற்கு முதலே என்பது இதனால் விளங்கும்.

இவ்வூரை அடுத்துள்ள காவிரிப் படுகை நெல்லுக்கு மட்டுமன்றிக் கைத்தொழிலுக்கும் பெயர் பெற்றது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டுச்சேலை, தஞ்சாவூர்க் கலைத்தட்டு, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஆகியவை புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள். முன்னாளில் இவற்றை வாங்க விரும்புவோர் இங்கு வர வேண்டியிருந்தது. இன்றோ, காரைக்காலில் உள்ள ஒரு சிறு வணிகர் இவற்றைத் தில்லியில் இருப்பவருக்கும், பிரான்சு நாட்டிற் குடியேறிய காரைக்கால் குடும்பத்திற்கும் விற்க இயலும். அதற்கு அவர் பெருமாளிகை எடுக்க வேண்டுவதில்லை. வீட்டின் ஓர் அறையே போதும். ஆயினும், அவ்வறையில் ஒளியை ஆளும் வகை தெரிந்திருத்தல் வேண்டும்.

படம் சான்றான வரலாறு

பொருளைப் படம் பிடிக்கும் வழக்கம் நிழற்படக் கலையின் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிட்டது. 1839-ஆம் ஆண்டில் தாகேர் என்பவரின் முறையைப் பிரெஞ்சு அரசு உலகறிய வெளியிட்டது. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் உருவைப் பதிக்கும் முறை அது. அதே காலத்தில் இங்கிலாந்தில் டால்பட் என்பவர் தாளிற் படம் பதிக்கும் முறையைக் கண்டறிந்தார். அவர் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில், அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் கலங்களின் படம் ஒன்று உள்ளது. இக்கலங்களைக் கள்வன் கவர்ந்து சென்றால், இப்படத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாமே என்று அவர் எழுதினார். பொருளின் படம் அழகுக்கு மட்டும் உரியதன்று, சான்றும் ஆகும் என்னும் கருத்து அன்றே முளைத்துவிட்டது.

அறையும் ஒளியும்

பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள அறை சிறு பொருள்களுக்குப் போதுமானது. சுவர்களுக்கு வெண்மையான, பளபளப்பில்லாத பூச்சே ஏற்றது. பச்சைச் சுவரிற் பட்டுத் திரும்பும் ஒளி பச்சைச் சாயலுடன் பொருளின்மேல் விழும். வெள்ளிக் கிண்ணமும் பாசி படிந்தது போலத் தோன்றும்.

ஐரோப்பிய ஓவியரும் நிழற்படக் கலைஞரும் வடக்கு நோக்கிய சாளரத்தை விரும்புவர். அந்நாடுகளில் நண்பகற் கதிரவன் எப்பொழுதும் தென்புறமே நிற்பதால், வட சாளரத்தில் நேர் வெயில் புகாது. வானத்தின் மெல்லொளியே புகும். காரைக்காலுக்கு இவ்விதி முழுதும் பொருந்தாது. இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் உள்ளது. ஆதலின், சித்திரையின் முதல் வாரம் முதல் ஆவணியின் முதல் வாரம் வரை நண்பகற் கதிரவன் தலைக்கு வடபுறமாகவே செல்கின்றது. அம்மாதங்களில் வட சாளரத்தின் வழியாகவும் வெயில் எட்டிப் பார்க்கும். பிற நாட்டு நூல் கூறுவதை அப்படியே கொள்ளாமல், நம் ஊர்க் கதிரவன் செல்லும் நெறியை நோக்கி அறையை அமைத்தல் வேண்டும். சாளரத்தில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிட்டால் வெயில் தணிந்து மெல்லொளியாகும்.

வெயிலில் விழும் நிழல் கத்தியால் வெட்டியது போன்ற விளிம்புடையது. மேகம் மூடிய நாளிலோ நிழல் இருக்கும் இடமே தெரிவதில்லை. முன்னதில் ஒளி ஒரு சிறு வட்டத்திலிருந்து வருகின்றது. பின்னதில் வானம் முழுவதுமே விளக்காகின்றது. ஒளி தரும் பரப்பு, பொருளை நோக்கப் பெரிதாக இருந்தால் நிழல் மென்மையாகும். சிறிதாக இருந்தால் கடுமையாகும். விளக்கின்முன் வெள்ளைத் துணித் திரை கட்டுவதும், திரையைப் பொருளுக்கு அருகில் கொணர்வதும் இதன் பொருட்டே. எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்தினால், அது ஒளியைத் திருப்பி அனுப்பி, இருண்ட பக்கத்தையும் தெளிவாக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது சாளர ஒளியை நம்பியிருத்தல் இயலாது. அப்பொழுது எல்.ஈ.டி. விளக்குகள் உதவும். அவற்றை வாங்குகையில் இரண்டு எண்களை நோக்குதல் வேண்டும். ஒன்று, ஒளியின் நிறவெப்பம். மெழுகுவத்தியின் செம்மஞ்சள் ஒளி ஏறக்குறைய 1,900 கெல்வின். நண்பகலின் வெண்மையான ஒளி ஏறக்குறைய 5,500 கெல்வின். பின்னதற்கு நெருங்கிய விளக்கே ஏற்றது. மற்றொன்று, நிறங்களை உள்ளவாறு காட்டும் திறனைக் குறிக்கும் எண். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாத விளக்கு நன்று. சாளர ஒளியையும் வீட்டு மஞ்சள் விளக்கையும் கலத்தல் கூடாது. கலந்தால், ஒரே சேலையின் ஒரு பாதி நீலச் சாயலும் மறுபாதி மஞ்சட் சாயலும் பெறும்.

கருவியும் பின்புலமும்

மேசைமேல் அகன்ற வெள்ளைத் தாளை விரித்து, அதன் பின்புறத்தை மடிக்காமல் வளைத்துச் சுவரில் மேலேற்றிக் கட்டுவர். இதனால் மேசையும் சுவரும் சந்திக்கும் கோடு மறையும். பார்ப்போர் கண் பொருளின்மேல் மட்டும் நிற்கும்.

விலையுயர்ந்த படக்கருவி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல கைப்பேசியும் போதும். ஆனால் முக்காலித் தாங்கி இன்றியமையாதது. கையில் பிடித்த கருவி அசையும். தாங்கியில் நின்ற கருவி அசையாது. அசையாத கருவியால் குறைந்த ஒளியிலும் நெடுநேரம் திறந்து தெளிவான படம் எடுக்கலாம். தனிப் படக்கருவி இருப்பின், ஒளியுணர்வு எண்ணை 100-இலும், துளை எண்ணை 8 முதல் 11-க்குள்ளும் வைத்தால், பொருளின் முன்னும் பின்னும் ஒருங்கே தெளியும். கருவியைப் பொருளின் நடு உயரத்தில் வைத்துச் சற்றுத் தொலைவில் நிறுத்துதல் நலம். மிக நெருங்கி, மேலிருந்து படம் பிடித்தால், குத்துவிளக்கின் முகடு பெருத்தும் பீடம் சிறுத்தும் காணப்படும். அது கண்ணுக்குத் தெரியாமலே புகும் ஒரு பொய்.

விளக்கும் பட்டும்

படம் பிடிப்போரின் திறமையைச் சோதிப்பது பித்தளைக் குத்துவிளக்கு. துலக்கிய பித்தளை ஒரு கண்ணாடி. ஒளி எந்தக் கோணத்தில் அதன்மேல் படுகின்றதோ, அதே கோணத்தில் திரும்பும் என்பது இயற்பியல் விதி. விளக்கின் தண்டு உருண்டையாதலின், அறையின் எல்லாத் திசைகளையும் அது காட்டும். படம் பிடிப்பவரின் முகமும் அதில் தெரியும். எனவே, விளக்கைச் சுற்றி வெள்ளைத் துணியால் சிறு கூடாரம் அமைத்து, வெளியிலிருந்து ஒளியைச் செலுத்தி, ஒரு துளை வழியாகப் படம் எடுப்பர். அப்பொழுது விளக்கு வெண்மையை மட்டுமே காட்டும். ஆனால் எல்லாம் வெண்மையானால் உருவம் பின்புலத்தோடு கரைந்துவிடும். ஆகவே, படத்தில் விழாதவாறு இரு புறமும் கறுப்புத் தாட்களை நிறுத்துவர். அவற்றின் சாயல் தண்டின் ஓரங்களில் கருங்கோடாக விழுந்து, உருண்டை வடிவத்தை எடுத்துக் காட்டும். பின்னர், பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, முகடு ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியே காட்டினால், வாங்குவோர்க்கு விளக்கின் அமைப்பு முழுதும் விளங்கும்.

பட்டுச்சேலைக்கு வேறு முறை வேண்டும். நேர்முகமாக விழும் ஒளியில் நெசவு தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியில் ஒவ்வோர் இழையும் சிறு நிழல் கொண்டு எழுந்து நிற்கும். பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமும் ஆன சேலை, பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் மாறும். ஒரே படம் அதன் இயல்பைக் காட்டாது. இரண்டு மூன்று கோணங்களில் காட்டுவதே முறை. முதலில் சாம்பல் நிற அட்டை ஒன்றை அதே ஒளியில் படம் பிடித்து, அதனைக் கொண்டு கருவியின் நிற அளவைச் சரிசெய்துகொள்வர். இல்லையேல், அரக்கு நிறம் ஆரஞ்சாகி, வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்ப நேரும்.

கடற்காற்றின் தொல்லை

கடலோர ஊராதலின் காரைக்காலில் காற்று ஈரமும் உப்பும் உடையது. ஈரம் மிகுந்தால் கண்ணாடி வில்லைகளில் பூஞ்சை படர்ந்து படம் மங்கும். வில்லைகளைக் காற்றுப் புகாத பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தல் வேண்டும். பித்தளையும் விரைவில் கறுக்கும். படம் பிடிக்கும் நாளில் புளியிட்டுத் துலக்கி, ஈரம் போகத் துடைத்து, பருத்திக் கையுறை அணிந்து எடுத்து வைப்பர். வெறுங்கையால் தொட்டால் விரல் ரேகை படத்தில் பெரிதாகத் தெரியும்.

எல்லை எது?

இன்று எடுத்த படத்தைக் கணினியில் எளிதில் மாற்றலாம். இங்கேதான் வணிகரின் மனம் சோதனைக்கு உள்ளாகின்றது. பின்புலத் தாளில் விழுந்த தூசியை நீக்குதல் தவறன்று. அது பொருளைச் சேர்ந்ததன்று. மங்கலாகப் பதிந்த நிறத்தைக் கண்ணால் கண்ட நிறத்திற்குக் கொணர்தலும் தவறன்று. ஆனால் விளக்கின் கீறலை மறைத்தலும், வெளிறிய சேலைக்குச் சாயம் ஏற்றுதலும், கைப்பிடி அளவே உள்ள விளக்கை ஆளுயரம்போலக் காட்டுதலும் ஏமாற்று ஆகும். அளவை அறியப் பொருளின் அருகில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து ஒரு படம் சேர்த்தல் நல்லது. கைவினைப் பொருளில் இயல்பாக உள்ள சிறு வேறுபாடுகளையும் காட்டிவிட வேண்டும்.

சட்டமும் இதனையே வேண்டுகின்றது. 2020-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையாயின், அதனைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுத்தல் கூடாது. பொய்யான படம் ஒருமுறை விற்கும்; பிறகு அப்பொருள் அஞ்சற் செலவையும் அவப்பெயரையும் சுமந்துகொண்டு கடைக்கே திரும்பி வரும். அந்த இழப்பு வணிகரோடு நின்றுவிடுவதில்லை. விளக்கை வார்த்த கம்மியரும், சேலையை நெய்த நெசவாளரும் தம்மேல் குற்றமின்றியே பெயர் இழப்பர். ஒரு படத்தை நம்பிப் பல குடும்பங்களின் பிழைப்பு இருக்கின்றது.

வெள்ளைத் துணி, தெர்மாகோல் பலகை, முக்காலி, இரண்டு விளக்குகள் ஆகியவை இருந்தால் கூடம் அமைந்துவிடும். அவற்றைக் கொண்டு உள்ளதை உள்ளவாறு காட்டும் உறுதி இருந்தால் கடை நிலைபெறும். படம் முதலிற் சென்று வாக்குக் கொடுக்கின்றது. பொருள் பின்னே சென்று அவ்வாக்கை நிறைவேற்றுகின்றது. இரண்டும் ஒத்திருக்கும் கடைக்கே மக்கள் மீண்டும் வருவர். சேக்கிழார் போற்றிய வணிகரின் வாய்மை, இன்று ஒளியும் நிழலுமாகக் காரைக்காலின் ஒரு சிறு அறையிலும் விளங்கக் கூடும்.