மருத்துவரிடம் மறைக்கலாகாதவை

நோயின் வரலாற்றைக் கேட்டறிதலே மருத்துவத்தின் முதற்படி. தலையிலும் கழுத்திலும் தோன்றும் நோய்களுக்கு இது மிகவும் பொருந்தும். காது, மூக்கு, தொண்டை மூன்றும் உள்ளே ஒன்றோடொன்று தொடர்புடையவை. தொண்டையிலோ நாவின் அடியிலோ உண்டான புண், காதுவலியாகவே முதலில் தோன்றுவதும் உண்டு. ஆதலின், ஒரு பக்கக் காது வலிக்கிறதென்று சென்றவரிடம், “விழுங்கத் தடை உண்டா? குரல் மாறியதா?” என்று மருத்துவர் வினவினால் நாம் வியக்க வேண்டுவதில்லை.

கழுத்துக் கட்டியெனில், அது தோன்றி எத்தனை நாளாயிற்று, வளர்கிறதா, வலிக்கிறதா, எச்சிலில் இரத்தம் கண்டதா, உடல் மெலிந்ததா என்று கேட்பர். காசநோயாலும் கழுத்தில் கட்டி வருமாதலால், வீட்டில் எவருக்கேனும் அந்நோய் இருந்ததா என்றும் கேட்பர். இவையாவும் நோயை இனங்காண உதவும் வினாக்களே. குடும்பத்தைக் குறைகூறுவன அல்ல.

நம்மவர் பெரிதும் மறைப்பது வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தையே. பாக்கு மரம் செழித்து வளரும் இத்தீவுகளில் அது தீங்கென்று தோன்றுவதில்லை. ஆயினும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று 2004இல் அறிவித்துள்ளது. வாய் முழுதும் திறக்க இயலாமையும் பாக்கினால் விளையும் கேடே.

இங்கு இந்தியே பொதுமொழியாதலால், முதியோருக்காக மகனோ மருமகளோ பேசுவது வழக்கம். பிள்ளைகள் முன் பழக்கத்தைச் சொல்லப் பெரியவர் நாணுவர். பெரியவர் முன் கேட்கப் பிள்ளைகள் கூசுவர். இடையில் உண்மை மறைந்துவிடும். 1964ஆம் ஆண்டு இலங்கை உடன்பாட்டின் பின்னர் நம்மவர் குடியேறிய கச்சால் போன்ற தொலைதீவிலிருந்து, 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் பந்த் மருத்துவமனைக்குக் கடல் கடந்து வருவோர், பாதி செய்தியைச் சொல்லித் திரும்பலாமோ?

ஆகவே, நோய் தொடங்கிய நாள், பழக்கங்கள், உண்ட மருந்துகள் அனைத்தையும் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்க. பழைய மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்க.

மூன்று வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண், தெளியாத குரல், கரையாத கட்டி ஆகியவற்றைக் கைவைத்தியத்தில் விட்டிருத்தல் கூடாது. மூச்சுத் திணறலோ ஒருநாளும் பொறுக்கத் தக்கதன்று. தொடக்கத்தில் கண்டறிந்தால் வாய்ப் புற்றுநோயையும் குணமாக்க இயலும். நாணத்தினும் உயிர் பெரிதன்றோ!