தீவக வீடுகளின் எதிரி வெயிலா, உப்பா?

கனடாவில் வசிக்கும் பெரியப்பாவின் மகன் அண்மையில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். வெள்ளை நுரைக் கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே கம்பி கட்டி, கொங்கிரீட் ஊற்றுகிறார்கள். கீழே ஒரு கேள்வி: "வேலணை வளவில இப்பிடி ஒண்டு கட்டுவமா? நூறு வருசம் நிக்குமாம், கரண்ட் பில்லும் குறையுமாம்."

1990இல் நாங்கள் விட்டுவிட்டு ஓடிய வளவு அது. பதில் எழுத முன்னர் நேரில் போய்ப் பார்த்தேன்.

காணொளியில் உள்ளதைக் காப்பு அச்சுக் கொங்கிரீட் எனலாம். மீனை ஐஸ் போட்டு அனுப்பும் ரெஜிபோம் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வகைப் பொருளில், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தடிப்பில் இரு தட்டுகள். இடையே ஆறு அங்குல அளவில் கம்பி கட்டிய கொங்கிரீட். இறுகியபின் தட்டுகளைக் கழற்றுவதில்லை, அவை சுவரோடு நின்று வெப்பத்தைத் தடுக்கும். கனடாவின் குளிரில் உள்ளே உள்ள சூடு வெளியேறாது. அமெரிக்காவில் சூறாவளி வீசும் கரையோரங்களிலும் இப்படிக் கட்டுகிறார்கள்.

எங்கள் தீவகத்தில் கணக்கு வேறு. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏசி இல்லை, ஜன்னல் திறந்தே கிடக்கும். மாடியில்லாத வீட்டில் பகல் வெக்கையின் பெரும்பங்கு கூரையால்தான் இறங்குகிறது. தகரத்தையோ அஸ்பெஸ்டஸ் சீற்றையோ மேலே போட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் நுரை வைத்தால் சூடு பெரிதாகக் குறையாது.

வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் நான் கண்ட பெரிய எதிரி உப்பு. மீள்குடியேறிய பின் கட்டிய ஒரு வீட்டின் ஜன்னல் மேல்தட்டு வெடித்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. "கட்டி பத்து வருசமும் ஆகேல்லத் தம்பி" என்றார் அந்த வீட்டு அக்கா. நல்ல கொங்கிரீட்டுக்குள் கம்பி இலகுவில் துருப்பிடிக்காது. உப்பு உள்ளே போனால் அந்தப் பாதுகாப்பு உடையும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் கொங்கிரீட் பிளக்கிறது.

நுரைத் தட்டு கடற்காற்றின் உப்பைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் உவர்நீரிலும் கழுவாத கடல்மணலிலும் குழைத்தால் உப்பு முதல் நாளே உள்ளே போய்விடும். அப்போது நுரை வெடிப்பையும் சேர்த்து மறைத்துவிடும். கறையான் அதற்குள் வழி குடையும். நெருப்புக்கு அது ஆகாது, பூச்சு கட்டாயம் வேண்டும்.

வெளியிலிருந்து வரும் ஆயத்த வீடு எங்களுக்குப் புதிதல்ல. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீடு ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. அது போதாமல் கடன்பட்ட குடும்பங்கள் பல, ஆனாலும் சனம் தானே நின்று கட்டியது. சில வருடங்களின் பின் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை, ஒன்று சுமார் 21 இலட்சத்துக்கு, வடக்கு கிழக்கில் கட்ட அரசு முனைந்தது. வெக்கை, துரு, பின்னர் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாமை என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. பழுதானால் ஊர் மேசன் கைவைக்க முடியுமா என்பதே அன்றைய கேள்வி. இந்த நுரை வீட்டுக்கும் அதே கேள்விதான்.

எங்கள் வளவில் பாட்டனார் கட்டிய பழைய வீட்டின் கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், துருப்பிடிக்க உள்ளே கம்பியே இல்லை. இன்று பவளக்கல் அகழச் சட்டம் விடாது. ஆனால் பாடம் மிச்சம் இருக்கிறது: உப்புக்காற்றில் கம்பியைக் குறை, போடும் கம்பியை நன்றாக மூடு.

அண்ணாவுக்கு இப்படி எழுதினேன். மணலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். குழைப்பதும் நல்ல தண்ணீரில்தான், பவுசரில் வாங்கினாலும் பரவாயில்லை. வெளிப்பக்கக் கம்பிக்கு மேல் இரண்டு அங்குலம் கொங்கிரீட் இருக்க வேண்டும். ஊற்றியபின் ஒரு கிழமைக்குக் குறையாமல் ஈரச் சாக்குப் போட வேண்டும். ஓட்டுக் கூரை, அதன்கீழ் இடைவெளி விட்டு சீலிங், சுவரில் வெயில் படாமல் அகன்ற தாழ்வாரம். சோளகமும் வாடையும் ஊடறுத்துப் போக எதிரெதிர் ஜன்னல்கள். நுரைத் தட்டில் ஆசை இருந்தால் சீலிங்கின் மேல் பரப்பலாம், காசுக்கு அங்கேதான் பலன்.

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இன்னொன்று சேரும். குறிகட்டுவானில் படகேறும் ஒவ்வொரு சீமெந்துப் பைக்கும் ஏற்றுகூலி, இறக்குகூலி உண்டு. அடுத்த வீட்டுத் திட்டம் எழுதுவோர் தீவகத்துக்கென்று படகுக்கூலியையும் நல்ல தண்ணீர்ச் செலவையும் தனியாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடன் பட்டுக் கட்டிய வீடு, கடன் தீருமுன் வெடிக்கும்.

அண்ணாவிடமிருந்து ஒரு வரிதான் வந்தது: "அப்ப முதல்ல கிணத்துத் தண்ணியைப் பார்."